கடனாளியாய்ப் போகிறவர்கள்



சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு வருகிறவர்கள் ஐந்தருவியில் நின்று, உடலும் உள்ளமும் குளிர்ந்து ஊர் திரும்புகிறார்கள். அருவிக்கு நன்மை செய்துவிட்டு வந்தோம் என்று அவர்களில் ஒருவரும் சொல்வதில்லை. நிறுவனங்களின் சார்பில் அயல்நாட்டுச் சமூகப்பணிக்குப் போகிறவர்களை நினைக்கும்போதெல்லாம் இது என் ஞாபகத்திற்கு வருகிறது.

ஐ.பி.எம். நிறுவனம் 2008ஆம் ஆண்டில் அப்படியொரு திட்டத்தைத் தொடங்கிற்று. பல நாடுகளிலுள்ள தன் பணியாளர்களைச் சிறு குழுக்களாக்கி, கானா, தான்சானியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் அனுப்பியது. அவர்கள் அங்குள்ள தொண்டு நிறுவனங்களுக்கும் சிறுதொழில் செய்வோருக்கும் தங்கள் தொழிலறிவால் உதவினார்கள். பணியாளரின் தலைமைப்பண்பை வளர்ப்பதும் இதன் நோக்கம் என்று நிறுவனம் வெளிப்படையாகவே சொன்னது. அந்த உண்மை எனக்குப் பிடித்திருக்கிறது; நம் சபைகளின் மிஷன் பயணங்களில் அது எப்போதும் காணப்படுவதில்லை.

இத்தகைய பயணத்திற்குத் தெரிந்துகொள்ளப்பட்ட நம் சபை வாலிபர் ஒருவர், "ஐயா, இது ஊழியமா, பதவி உயர்வுக்குப் படியா?" என்று கேட்டார். படிதான் என்று நான் சொல்லியிருந்தால், போகாமல் நின்றுவிடவும் ஆயத்தமாயிருந்தார்.

போகும்படியே சொன்னேன். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அனுப்பிய எழுபது பேரும் போய்த் திரும்பினவர்களே. பணப்பையின்றி, வீட்டுக்கு வீடு மாறாமல், முன்வைக்கப்பட்டதைப் புசிக்கும்படி கட்டளையிட்டார். கொடுக்கப் போனவர்கள் முதலாவது வாங்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. திரும்பி வந்து தங்கள் வெற்றியை மகிழ்ச்சியோடு அறிவித்தபோது, அந்த மகிழ்ச்சியையும் அவர் வேறு பக்கம் திருப்பினார். பவுலும் ரோமர் 1:14இல், அந்நியருக்கும் தாம் கடனாளி என்கிறார். உபகாரி என்று சொல்லவில்லை.

தென்காசிக்குத் தெற்கேயுள்ள டோனாவூரில் ஏமி கார்மிக்கேல் அம்மையார் 1951இல் மரித்தார். 1895இல் இந்தியா வந்தவர், தாய்நாட்டிற்கு ஒருமுறையும் திரும்பவில்லை. ஒரு மாதம் போகிறவரை அவரோடு ஒப்பிடுவது நியாயமன்று. ஆயினும் அவரிடம் ஒன்று கேட்கலாம்: ஆறு மாதம் கழிந்தபின், தாம் அமைத்துக் கொடுத்த கணக்குமுறை அந்தச் சிறு கடையில் இன்னும் பயன்படுகிறதா என்று விசாரித்தாரா? தலைமைப்பண்பு வளர்ந்ததா என்பதற்கு, அலுவலகப் படிவத்தைவிட அந்தக் கடைக்காரரே நல்ல சாட்சி.

பிதாவே, தூரதேசம் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு, தங்களை ஏற்றுக்கொள்ளும் வீட்டாரின் பெயர்களை மறவாத இருதயத்தைத் தாரும். ஆமென்.