கையில் கொடுத்த சீட்டு

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லர் லாரி வந்தன. இப்படிப்பட்ட பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு சிறிய கம்பெனியில்தான் நான் ஓய்வு பெறும்வரை இருந்தேன்.

இப்போது பொழுதுபோக்காகப் பைத்தான் படிக்கிறேன். அதில் 'மல்டிபிராசசிங்' என்று ஒரு பகுதி. 2008-ல் வந்த 2.6 பதிப்பிலிருந்து பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. ஒரு பெரிய கணக்கைப் பங்கு பிரித்து, பல வேலையாட்களுக்குக் கொடுத்து ஒரே நேரத்தில் செய்ய வைப்பதுதான் அது.

ஒவ்வொரு வேலையாளும் தனித்தனி அறையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய விண்டோஸ் கணினியில், முதன்மை நிரல் நடுவில் போட்டு வைத்த எதுவும் அவனுக்குத் தெரியாது. வேண்டியதையெல்லாம் ஆர்க்யுமென்ட்டாக, அதாவது சீட்டில் எழுதிக் கொடுப்பதுபோல, அனுப்ப வேண்டும். 'மேப்' என்றால் ஆளுக்கு ஒரு பொருள்தான் கொடுக்கலாம். எந்திரத்தின் பதிவும் வேண்டும், அனுமதிக்கும் அளவும் வேண்டும் என்றால் 'ஸ்டார்மேப்'. இது 2012-ல் 3.3 பதிப்பில் வந்தது. அனுப்புவதைப் பைத்தான் 'பிக்கிள்' செய்து அனுப்புகிறது. ஊறுகாய் போடுவதுதான்! அந்தப் பக்கம் போய்ச் சேருவது நகல். பிறகு நாம் இங்கே திருத்தினால் அங்கே திருந்தாது. அவன் அங்கே திருத்தினாலும், விடையாகத் திருப்பித் தந்தால்தான் நமக்குத் தெரியும்.

இதைப் படித்ததும் பழைய இரவு ஷிப்ட் ஒன்று நினைவுக்கு வந்தது.

ஒரே பிராக்கெட்டுக்கு இரண்டு எந்திரங்களில் துளை போட்டுக்கொண்டிருந்தோம். துளையின் இடத்தை 2 மில்லிமீட்டர் தள்ளச் சொல்லி வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்தது. ஆபீஸ் கோப்பில் இருந்த வரைபடம் அன்றே திருத்தப்பட்டது. ஒரு எந்திரத்தில் தொங்கிய ஜெராக்ஸும் மாறியது. இன்னொன்றில் மாறவில்லை. ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் அதைப் பார்த்து ராத்திரி முழுக்க வேலை செய்தார். காலையில் அத்தனையும் ரிஜெக்ட்.

"வடக்கத்தி ஆளுக்கு டிராயிங் பார்க்கத் தெரியலை, கூலியில் பிடியுங்கள்" என்றார்கள். நான் அந்த ஜெராக்ஸைக் கழற்றிக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். பிராக்கெட்டை அதோடு ஒப்பிட்டு அளந்து காட்டினேன். துளை அச்சாகச் சரியாக இருந்தது. பிடித்தம் நின்றது. ஆனால் மறுவாரம் ஒப்பந்தக்காரர் அவரை அனுப்பவில்லை.

ஆர்க்யுமென்ட் ஒன்று குறைந்தால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். பழைய நகலைக் கொடுத்தால் நிற்காது. தப்பான விடையை ஒழுங்காகப் போட்டுத் தரும். மனிதரும் அப்படித்தான்.

உங்கள் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ ஒரகடம் பக்கம் சூப்பர்வைசராகப் போனால் இதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: ஆளைக் கேட்பதற்கு முன்னால், அவர் கையில் இருந்த தாளின் தேதியைப் பாருங்கள்.