மழை போட்ட கோலம்

பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும் ஊர்கள் சில உண்டு. அமெரிக்காவில் காலிபோர்னியா மாகாணத்தில் இருக்கும் 'மரணப் பள்ளத்தாக்கு' அவற்றுள் ஒன்று. 1913-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி அங்கே பதிவான வெப்பம் 56.7 டிகிரி ஸெண்டிகிரேட். உலகத்திலேயே அதிகம் என்று இன்றும் ஏட்டில் நிற்கும் கணக்கு அது! பள்ளத்தாக்கின் மிகத் தாழ்ந்த இடமோ கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே இருக்கிறது.

அங்கே போக நம் மார்கழி, தை மாதங்கள்தான் ஏற்றவை. விடியுமுன் 'ஸாப்ரிஸ்கி முனை' என்ற மேட்டில் போய் நின்றுவிட வேண்டும். மேற்கே தெரியும் பானமிண்ட் மலைச் சிகரத்தில் முதல் வெளிச்சம் விழும். பிறகு மெள்ள மெள்ள இறங்கி, நம் காலடியில் விரிந்து கிடக்கும் மண் குன்றுகளைத் தொடும். அம்மம்மா! எத்தனை மடிப்புகள்! மருந்துக்குக் கூட ஒரு புல் கிடையாது. நடுவே கூராக நிமிர்ந்து நிற்கும் சிகரத்துக்கு மான்லி என்பவருடைய பெயர். 1849-ல் தங்கம் தேடிக் கிளம்பிய கூட்டம் ஒன்று, பெண்கள் குழந்தைகளோடு இந்தப் பள்ளத்தாக்கில் சிக்கித் தவித்தது. மான்லியும் ராஜர்ஸ் என்ற தோழரும் பாலைவனத்தை நடந்தே கடந்து, உணவு கொண்டுவந்து அவர்களை மீட்டார்கள்.

இந்த இடத்தைக் கறுப்பு-வெள்ளையில் எடுத்துப் புகழ் பெற்றவர்களில் ஆன்ஸல் ஆடம்ஸ் ஒருவர். இளமையில் பியானோ வித்வானாகப் பயின்றவர். நெகடிவ் என்பது ஸ்வரக் குறிப்பு, அதிலிருந்து எடுக்கும் படம்தான் கச்சேரி என்பது அவர் கொள்கை. நமக்கா புரியாது? கீர்த்தனை ஒன்றுதான், பாடுகிறவரைப் பொறுத்தல்லவா சுகம்!

நானும் என் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வேலை, வர்ணங்களைச் சாம்பல் நிறமாக்குவது. மண்ணின் மஞ்சளை வெளுக்க வைத்து, வானத்தின் நீலத்தைக் கறுக்க வைத்தால் குன்று எடுப்பாக நிற்கிறது. அந்தக் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி மாட்டி இதைச் செய்தார்கள். அடுத்தது நிழல். இருட்டறையில் காகிதத்தின் மேல் விழும் ஒளியை அட்டைத் துண்டால் சற்று மறைத்தால் அந்த இடம் வெளுக்கும். அதிக நேரம் ஒளி காட்டினால் கறுக்கும். இப்போது அதே வேலையை விரல் நுனியில் செய்கிறோம். ஆனால் இது குழம்புக்கு உப்புப் போடுகிற கதை. ஒரு சிட்டிகை கூடினால், நிழலுக்குள் இருக்கும் மெல்லிய கோடுகளெல்லாம் மையில் மூழ்கிவிடும்.

எட்டிப் பார்த்த அம்மா, "இதென்னடா, யாரோ புடவையைக் கசக்கிப் போட்ட மாதிரி இருக்கிறது?" என்றாள்.

"குன்றுகள், அம்மா. பாலைவனம்."

"பாலைவனமா? தண்ணீர் ஓடின தடமாக அல்லவா தெரிகிறது!"

அம்மா சொன்னது முழு உண்மை. அங்கே வருஷத்துக்கு இரண்டு அங்குலத்தை ஒட்டித்தான் மழை. ஆனாலும் அத்தனை மடிப்பும் மழை செய்த வேலையே! பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஏரியாக இருந்த இடம். அதன் அடியில் படிந்த சேறுதான் இந்தக் குன்றுகள். மண்ணைப் பிடித்துவைக்க வேர் இல்லை. பெய்கிற நீர் உள்ளே இறங்காமல் சரிந்து ஓடி அறுத்துக்கொண்டே போகிறது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி ஒரே நாளில் 2.20 அங்குலம் கொட்டியது. ஒரு வருஷத்து மழை ஒரே நாளில்! வர்ணப் படத்தில் கண் மஞ்சளிலேயே நின்றுவிடுகிறது. வர்ணம் விலகியதும் நீரின் வழி தெரிகிறது.

கடைசி வேலை, ஓரங்களைக் கத்தரிப்பது. படத்தின் கீழ் மூலையில், ஒற்றையடிப் பாதையில் எறும்பு போல் இரண்டு பேர் நடக்கிறார்கள். வெட்டிவிட்டால் 'மனிதன் காலடி படாத பூமி' என்று பெருமையாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது பொய். சில மைல் தூரத்தில் திம்பிஷா ஷோஷோனி மக்களின் குடியிருப்பு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறவர்கள். 1933-ல் அரசாங்கம் அந்தப் பள்ளத்தாக்கைத் தேசியச் சின்னமாக்கியது. அவர்களுடைய நிலத்தில் ஒரு பகுதி சட்டப்படி திரும்பக் கிடைத்ததோ 2000-ம் ஆண்டில்தான். தாய் மண்ணை 'மரணம்' என்று அழைப்பது அவர்களுக்குப் பிடிப்பதில்லை. பிடிக்குமா, சொல்லுங்கள்?

திம்பிஷா என்ற பெயரே அந்த மண்ணில் கிடைக்கும் செங்காவியைக் குறிப்பது. முகத்தில் பூசிக்கொள்ளும் செம்மண் அது. கறுப்பு-வெள்ளைப் படத்தில் முதலில் மறைவது அந்தச் சிவப்புத்தான்!

ஆகவே அந்த இரண்டு பேரையும் வெட்டவில்லை. அவர்கள் இருப்பதால்தான், அது கசங்கின புடவையல்ல, குன்று என்பதும் விளங்குகிறது. படத்தின் அடியில் அந்த மக்களின் பெயரை எழுதி, அதன் பொருளையும் சேர்த்துவிட்டேன்.