ஒரே நோட்டில் இரண்டு பக்கம்

அக்கா மகள் கடலூர்ப் பக்கம் ஒரு லுத்தரன் நடுநிலைப் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். விடுமுறைக்கு, புதுச்சேரியில் நான் இருக்கும் சேதராப்பட்டுக்கு வந்தபோது ஒரு தடித்த நோட்டைக் கூடவே கொண்டுவந்திருந்தாள். முன்பக்கமிருந்து புரட்டினால் அறிவியல்: செல்லோடேப் போட்டு ஒட்டிய இலைகள், கிணற்றுத் தண்ணீரையும் குளத்துத் தண்ணீரையும் காய்ச்சி அடியில் தங்கிய உப்பை ஒப்பிட்ட படம். தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கமிருந்து புரட்டினால் சேவை: முதியோர் இல்லத்துக்குப் பிடியரிசி சேர்த்த கணக்கு, குளக்கரையில் பொறுக்கிய பாலித்தீன் எத்தனை மூட்டை என்ற குறிப்பு.

"ரெண்டும் ஏன்டா ஒரே நோட்டுல?" என்றேன்.

"எங்க ஸ்கூல்ல எப்பவும் அப்படித்தான் மாமா."

எப்பவும் என்றால் எப்போதிருந்து? தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஆய்வகத்தில் தண்ணீர் சோதிப்பது என் பிழைப்பு. ஒரு மாதிரி கைக்கு வந்தால் எங்கிருந்து எடுத்தது என்று கேட்காமல் விடமாட்டேன்.

முதல் விடை சுலபமாகக் கிடைத்தது. அதனாலேயே திருப்தி வரவில்லை. 1964 முதல் 1966 வரை வேலைசெய்த கோத்தாரி கல்விக் குழு, உடலுழைப்பும் சமூகத் தொண்டும் பள்ளிப் படிப்பின் பகுதியாக வேண்டும் என்றது. 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னால் 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி. ஆனால் இது நாட்டிலுள்ள எல்லாப் பள்ளிக்கும் பொதுவான கதை. லுத்தரன் பள்ளி தனக்கென ஒரு 'எப்பவும்' வைத்திருக்கிறதே, அது எங்கே?

புதுச்சேரிக் கிறிஸ்தவர்களில் கத்தோலிக்கர்களே அதிகம். லுத்தரன்கள் நமக்குத் தெற்கே, கடலூர், நெல்லிக்குப்பம் பக்கம்தான் கண்ணில் படுவார்கள். அங்கே அவர்கள் வந்ததே ஒரு சண்டையால். ஜெர்மன் லுத்தரன்களின் லைப்சிக் மிஷன் சபைக்குள் சாதி வழக்கத்தை ஓரளவு பொறுத்துக்கொண்டது. அதை ஏற்காமல் வெளியேறிய ஓக்ஸ் என்ற போதகர் 1861இல் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற நிலையத்தை அமைத்தார். டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்துகொண்டது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அதுதான். சேவையைப் பற்றிப் பேசும்போது இந்தச் சண்டையை மறக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. துடைப்பம் எடுத்துத் தெருவைக் கூட்டுவது ஒரு பிள்ளைக்கு மதிப்பெண். வேறொரு பிள்ளைக்கு அதுவே தாத்தா காலத்திலிருந்து தலையில் கட்டப்பட்ட வேலை.

அந்த டேனிஷ் மிஷனோடு 1909இல் இந்தியாவுக்கு வந்தவர் ஆன் மேரி பீட்டர்சன் என்ற ஆசிரியை. டென்மார்க்கில் குருண்ட்விக் என்ற லுத்தரன் போதகர், மக்கள் மொழியில், மக்கள் வாழ்க்கையை ஒட்டிப் பள்ளி நடக்கவேண்டும் என்று ஓர் இயக்கத்தையே கிளப்பியிருந்தார். பீட்டர்சன் அந்த மரபில் வந்தவர். 1917 ஜனவரியில் இளம் தோழி எஸ்தர் ஃபேரிங்கோடு அகமதாபாத் ஆசிரமத்துக்குப் போய்க் காந்தியைப் பார்த்தார். அந்த உறவு மிஷனுக்குப் பிடிக்கவில்லை. இருவருமே பின்னால் மிஷனை விட்டு விலகினார்கள். பரங்கிப்பேட்டையில் பெண்பிள்ளைகளுக்கென்று பீட்டர்சன் தொடங்கிய பள்ளிக்கு 1921 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியவர் காந்தி. அடுத்த சில நாட்களில்தான் மதுரையில் அவர் மேலாடையைக் களைந்து அரைவேட்டிக்கு மாறினார். பள்ளிக்கு வைத்த பெயர் சேவா மந்திர்.

சேவை கிடைத்துவிட்டது. அறிவியலைத் தேடித் தரங்கம்பாடிக்குப் போனேன்.

1706 ஜூலையில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய கரை. திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டுக்கே அழைத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிக் கற்றவர் அவர். அடுத்த ஆண்டே பள்ளி தொடங்கிவிட்டார். ஆனால் நான் தேடியவர் அவரில்லை, 1771இல் அதே மிஷனுக்கு வந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். ஔவையாரின் நீதிநூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி நடத்தியவர், கடற்கரையில் கிடைத்த சிப்பி, மீன், பாம்பு எதையும் விடாமல் சேர்த்தவர். இருதலைப் பாம்பு என்று சொல்லிக் கள்ளத்தனமாக விற்றுப் பிடிபடுகிறவர்களைப் பற்றி அவ்வப்போது செய்தித்தாளில் பார்க்கிறோமே, அந்த மண்ணுளிப் பாம்புக்கு அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜானி. 1801இல் பாட்ரிக் ரஸ்ஸல் என்ற இயற்கையியலாளர் இந்த ஜானின் பெயரால் வைத்தது. இருதலை என்ற பேச்சு, வால் தலையைப் போலவே மொண்ணையாக இருப்பதால் வந்த வினை. பாவம், அதற்கு ஒரு தலைதான்.

ஜான் அனுப்பிய மீன்களை பெர்லினில் மார்கஸ் பிளாக் என்ற மருத்துவர் வகைப்படுத்தினார். ஒரு மீன் பேரினத்துக்கே ஜானியஸ் என்று பெயரிட்டார். அது வேறொன்றுமில்லை, நம் கத்தாளை. தரங்கம்பாடியில் மீன் விற்ற ஓர் அம்மாவிடம் கத்தாளையில் என்ன விசேஷம் என்று கேட்டேன். "தலைய வெட்டிப் பாரு தம்பி, கல்லு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அரிவாள்மனையில் ஒன்றைப் பிளந்து காட்டினார். மண்டைக்குள் இருபுறமும் வெள்ளை வெளேரென்று இரண்டு கல், புளியங்கொட்டையில் பாதி இருக்கும். மீனின் காதுக்கல் அது. குறுக்கே அறுத்துத் தேய்த்தால் வரிவரியாக வளையம் தெரியும். அதை எண்ணி மீனின் வயதைக் கணிக்கிறார்கள். கட்டுமரக்காரர்கள் வலை வீசாமல் ஒரு கத்தாளையும் ஜானின் மேசைக்கு வந்திருக்காது. அவர்கள் யார் பெயரிலும் மீன் இல்லை.

ஜானிடம் சேவையும் இருந்தது. கடைசிக் காலத்தில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் 15 தமிழ்ப் பள்ளிகளும் 5 ஆங்கிலப் பள்ளிகளும் இலவசமாக நடத்தினார். அதைப் பற்றிய அவர் அறிக்கை 1813இல் லண்டனில் அச்சானது. அதே ஆண்டு இறந்துபோனார். எனக்கு உறுத்தியது இங்கேதான். ஒரே மனிதர், ஆனால் நோட்டு இரண்டு. சிப்பியும் பாம்பும் ஐரோப்பியப் பிள்ளைகள் இருந்த வீட்டில். எழுத்தும் கணக்கும் வேதமும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் போகமுடியாது. ஜானிடமும் தஞ்சையில் ஷ்வார்ட்ஸ் என்ற மிஷனரியிடமும் படித்த வேதநாயக சாஸ்திரியார் 1800இல் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். குறத்தி குறிசொல்லும் அந்தப் பழைய சட்டத்துக்குள், சூரியனை நடுவில் வைத்துக் கோள்கள் சுற்றும் கோப்பர்நிக்கஸின் வானத்தைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் என்று அந்தக் காலத்தில் எதையாவது காட்டவேண்டுமென்றால் நான் அதைத்தான் காட்டுவேன்.

தரங்கம்பாடிக்கு மேலே போனால், அந்த மிஷனரிகளின் தாயகமான ஜெர்மனியின் ஹாலே நகரம். அங்கே நான் போகவில்லை, படித்ததுதான். 1695இல் ஃபிராங்கே என்ற போதகர் உண்டியலில் விழுந்த 4 தாலர் 16 குரோஷனை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அது அநாதை விடுதி, மருந்துக் கிடங்கு, அச்சகம் என்று ஒரு சிற்றூராகவே வளர்ந்தது. 1698 வாக்கில் பிள்ளைகள் பார்த்துக் கற்க ஒரு பொருட்காட்சி அறை அமைத்தார்கள். விடுதிக் கட்டடத்தின் பரணில் இன்றும் இருக்கும் அந்த அறைக்குத் தரங்கம்பாடியிலிருந்தும் பொருள்கள் போயின. மாணவர்கள் கண்ணாடி தேய்த்து லென்ஸ் செய்தார்கள், கடைசல் பிடித்தார்கள், செடி பறிக்கக் காட்டுக்குப் போனார்கள். இலவசச் சாப்பாடு வேண்டிய பல்கலைக்கழக மாணவர்கள் அதற்கு ஈடாக ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள்.

ஆஹா, ஊற்றுக்கண்ணைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தபோது இன்னொன்றும் படித்தேன். லென்ஸ் தேய்த்தவர்கள் கட்டணம் கட்டிப் படித்த பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள். நகரத்தார் பிள்ளைகளுக்கு லத்தீன் பள்ளி, ஏழைகளுக்கு வேறு பள்ளி. ஒருவன் அறிவியல் செய்தான், இன்னொருவன் சேவையைப் பெற்றுக்கொண்டான். மூலத்திலேயே நோட்டு இரண்டுதான்.

அப்படியானால் இரண்டையும் சேர்த்துத் தைத்தது யார்? அக்கா ஊரில், மிஷன் பள்ளியில் நெடுங்காலம் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரிடம் ஹாலே, தரங்கம்பாடி எல்லாவற்றையும் விரித்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, நடுநிலைப் பள்ளிக்கு எத்தனை வாத்தியார்னு நெனக்கிறீங்க? அறிவியலும் நான்தான், ஜூனியர் ரெட் கிராஸும் நான்தான். பசங்களுக்கு நோட்டு வாங்க வீட்ல காசு கிடையாது. ஒண்ண வாங்கி ரெண்டு பக்கமும் எழுதுங்கடான்னேன்."

பிறகு சுனாமிக்கு அடுத்த ஆண்டு பிள்ளைகளைப் பிச்சாவரத்துப் பக்கம் கூட்டிப்போனதைச் சொன்னார். அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் ஆய்வாளர்கள் எழுதியிருந்த நேரம். சுரபுன்னையின் விதை மரத்திலிருக்கும்போதே முளைத்து முழம் நீளத்துக்குத் தொங்கும், கூர்முனையைச் சேற்றில் செருகினால் போதும். முட்டளவுச் சேற்றில் நின்று ஆளுக்குப் பத்து நட்டார்களாம்.

"அத எந்தப் பக்கம் எழுதச் சொன்னீங்க சார்?"

"அதுல ஒரு சண்டையே வந்துச்சு" என்றார். "பாதிப் பேரு முன்பக்கம் எழுதினான், பாதிப் பேரு பின்பக்கம். ரெண்டுக்குமே டிக் போட்டுட்டேன்."