சலப்பைக்குள் பி.சி.ஜி

எங்கட இடக்கையில, தோள்மூட்டுக்குக் கொஞ்சம் கீழ ஒரு சின்னத் தழும்பு. நெடுந்தீவோ, நயினாதீவோ, ஊர்காவற்றுறையோ, எங்கட வயசுக்காரரில அது இல்லாத ஆக்கள் குறைவு. பிறந்தவுடன ஆஸ்பத்திரியில போட்ட பி.சி.ஜி ஊசி, காசநோய் வராமல் இருக்க. போன வருசம் அப்பப்பாவின்ர சலப்பையில புற்றுநோய் எண்டு தெரிஞ்சுது. கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு டொக்டர் சொன்னார்: "இனிச் சலப்பைக்குள்ள பி.சி.ஜி விடவேணும்." பச்சைப் பிள்ளைக்குப் போடுறதை எழுபது வயசு மனுசனுக்கு ஏன்? கலைப்பீடத்தில படிக்கிற நாங்கள் தேடி வாசிக்கத் தொடங்கினது அப்பிடித்தான்.

கல்மெற், கெரேன் எண்ட இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 வருடங்கள் திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்கச் செய்தார்கள். 1921இல் அது தடுப்பூசியானது. 1929இல் அமெரிக்காவில் ரேமண்ட் பேர்ல், காசநோய் இருந்தவர்களிடம் புற்றுநோய் குறைவாகத் தெரிகிறது என்று எழுதினார். அவருடைய ஆய்வு முறையில் பிழைகள் இருந்தன. ஆனாலும் கேள்வி நிலைத்துவிட்டது.

அந்தக் கேள்வியைச் சலப்பைக்குக் கொண்டுபோனவர் அல்வாரோ மொறாலெஸ். கனடாவில், குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் சிறுநீரக அறுவைச் சிகிச்சை நிபுணர். அவர் இருந்த கிங்ஸ்டன், ரொறொன்ரோவிலிருந்து மொன்றியல் போற வழியில இருக்கிற ஊர். எங்கட தீவுச் சொந்தங்கள் எத்தினையோ பேர் காரில கடந்து போயிருப்பினம். 1976இல் அவரும் கூட்டாளிகளும் ஒன்பது நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். உயிருள்ள பி.சி.ஜியைக் குழாய் வழியாகச் சலப்பைக்குள் விட்டு, இரண்டு மணித்தியாலம் அடக்கி வைத்திருக்கச் சொல்வது: அவ்வளவுதான் வைத்தியம். கிருமி உட்சுவரில் ஒட்ட, உடம்பின் நிர்ப்பீடனக் கலங்கள் அங்கே திரண்டு வருகின்றன. வந்தவை புற்றுக் கலங்களையும் சேர்த்து அழிக்கின்றன. தசைக்குள் இறங்காத புற்றுக்குத்தான் இது உதவும். அமெரிக்காவில் 1990இல் அனுமதி கிடைத்தது. இன்றைக்கும் அந்தக் கட்டத்துக்கு முதன்மையான மருந்து இதுதான்.

கிழமைக்கு ஒன்றாக ஆறு கிழமை. ஏன் ஆறு? மொறாலெசுக்குக் கிடைத்த பெட்டியில ஆறு குப்பி இருந்ததாம்!

நெடுந்தீவுக்கு அந்த ஆறு லேசில்லை. விடியக் குமுதினியிலயோ வடதாரகையிலயோ ஏறி ஒரு மணித்தியாலம் கடல், குறிகட்டுவானில இறங்கி பஸ். மருந்து விட்டால் இரண்டு மணித்தியாலம் அடக்கவேணும், பிறகு ஆறு மணித்தியாலத்துக்கு ஒவ்வொருமுறையும் கக்கூசுக்குள்ள குளோரின் ஊத்தவேணும். எரிவும் காய்ச்சலும் வேற. அண்டைக்கே திரும்பேலாது, ரவுணில ஆற்றையும் வீட்டில தங்கவேணும். வாடைக்காத்து தொடங்கினால் படகு ஓடுமோ எண்டதே கேள்வி. ஒரு கிழமை எங்களுக்கு அப்பிடித் தவறினது. மருந்து கடல் கடந்து வந்திட்டுது, கடைசிக் கடலைத்தான் நோயாளி கடக்கவேண்டிக் கிடக்கு.

ஆனால் அதைவிடப் பெரிய தாமதம் வீட்டுக்குள்ளதான் நடந்தது. அப்பப்பாவுக்குச் சலத்தோட இரத்தம் போனது நாலு மாசமாம். நோவு இல்லை. "சூடு" எண்டு இளநீர் குடிச்சிருக்கிறார். ஆம்பிளையள் இதைப் பிள்ளையளிட்டச் சொல்லுறதில்லை. சலப்பைப் புற்றுக்குப் பெரிய காரணம் புகைத்தல். புகையின் நஞ்சைச் சிறுநீரகம் வடிச்சுச் சலப்பைக்குள்ள விட, அது அங்க மணிக்கணக்காத் தேங்கி நிக்குது. எங்கட தீவகத்துப் புகையிலையும் சுருட்டும் எத்தினை வீட்டுக்குச் சோறு போட்டது எண்டு பெருமையாக் கதைப்பம். இதையும் சேர்த்துக் கதைக்கவேணும். நோவில்லாமல் இரத்தம் போனால், ஒருக்காப் போனாலும், அடுத்த படகு பிடியுங்கோ.

ஆறும் முடிஞ்சுது. திரும்பக் கமரா விட்டுப் பாக்கவேணும், முடிவு இன்னும் இல்லை. அப்பப்பா சுருட்டை விட்டிட்டார். இறங்குதுறை வாங்கில இருந்துகொண்டு கூட்டாளிமாரைக் கேக்கிறார்: "உனக்குச் சலம் என்ன நிறத்தில போகுது?" எல்லாரும் சிரிச்சினம். ஒருத்தர் மட்டும் சிரிக்கேல்ல. படகில எங்களுக்குப் பக்கத்தில வந்திருந்து, மெதுவாக் கேட்டார்: "தம்பியவை, கிளினிக் என்ன நாளில?"