வானத்துக்கு ஏணியான பாறை

அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் பரப்பளவில் நம் தீபகற்ப மலேசியாவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கே வாழும் மக்களோ ஆறு இலட்சத்தை எட்டமாட்டார்கள். மாடு மேயும் புல்வெளி, காற்று, மீண்டும் புல்வெளி என்று போய்க்கொண்டே இருக்கும் பூமி அது. அதன் வடகிழக்கு மூலையில் ஒற்றையாய் நிற்கும் ஒரு பாறையைப் பார்க்கத்தான் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள்.

பக்கத்து மாநிலத்து நகரமான ரேப்பிட் சிட்டியிலிருந்து மேற்கே காரில் புறப்பட்டால் இரண்டு மணி நேரப் பயணம். சன்டான்ஸ் என்னும் சிற்றூரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்க வேண்டும். ஊசியிலை மரங்களும் செம்மண் சரிவுகளுமாகச் சாலை வளைந்து வளைந்து போகிறது. ஒரு வளைவு திரும்பியதும் தொலைவில் அது நிற்கிறது. யாரோ பிரமாண்டமான ஒரு மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு அடிக்கட்டையை மட்டும் விட்டுப் போனதைப் போன்ற தோற்றம். அடியிலிருந்து உச்சிவரை 867 அடி. கோலாலம்பூர் பெட்ரோனாஸ் கோபுரத்தில் பாதிக்குச் சற்று அதிகம். சுற்றிலும் வேறு மலை எதுவும் போட்டிக்கு நிற்காததால் அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

இதன் பெயர் டெவில்ஸ் டவர், அதாவது பிசாசுக் கோபுரம். 1906-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இதை அமெரிக்காவின் முதல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். ஆனால் உலகத்துக்கு இதை அறிமுகம் செய்து வைத்தவர் அதிபர் அல்லர். ஒரு சினிமா இயக்குநர்.

1977-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த 'குளோஸ் என்கவுண்டர்ஸ் ஆப் தி தேர்ட் கைண்ட்' படத்தில் வேற்றுக் கிரகவாசிகள் வந்து இறங்குவது இந்தப் பாறைக்குப் பக்கத்தில்தான். கதாநாயகன் ராய் ஒரு மின்கம்பித் தொழிலாளி. இரவில் கம்பி பழுது பார்க்கப் போன இடத்தில் பறக்கும் தட்டைக் கண்டுவிடுகிறான். அதன்பின் ஏதோ ஒரு மலையின் வடிவம் அவன் மண்டைக்குள் புகுந்துகொண்டு பாடாய்ப் படுத்துகிறது. சாப்பாட்டு மேசையில் மசித்த உருளைக்கிழங்கைக் குவித்து மலை செய்கிறான். பிள்ளைகள் பயந்து அழுகிறார்கள். பிறகு தோட்டத்து மண்ணையும் செடியையும் வாரி வந்து வீட்டுக் கூடத்திலேயே மலை கட்டுகிறான். மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விடுகிறாள். இன்னொரு வீட்டில் ஒரு தாயின் சின்னஞ்சிறு மகனை வானத்து வெளிச்சம் வந்து இழுத்துக்கொண்டு போகிறது. ஆள் கடத்தல் படங்களில் அந்த ஒரு காட்சிக்கு ஈடு கிடையாது என்பேன். கதவு, ஜன்னல், தரைத் திருகாணி எல்லாம் தானே ஆட, தாய் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போராடுவாள். கடத்துபவன் முகமே நமக்குத் தெரியாது.

வானத்தவர் ஆளைத் தூக்கிப் போகும் கதை தமிழ் சினிமாவுக்கும் புதிதல்ல. ஸ்பீல்பெர்க் படத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னதாகவே, 1963-இல், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வந்துவிட்டது. அதில் வேற்றுக் கிரகத்தான் பானுமதியைக் கடத்துவது எதற்காக? தங்கள் உலகத்துக்கு இசை வேண்டும் என்பதற்காக! அமெரிக்கப் படத்திலும் மனிதரும் வேற்றுக் கிரகத்தாரும் பேசிக்கொள்வது ஐந்தே ஐந்து சுரங்களில்தான். ஜான் வில்லியம்ஸ் அமைத்த அந்த ஐந்து சுரங்களை வட இந்தியாவில் ஒரு பெருங்கூட்டம் பாடுவதாக ஒரு காட்சி வரும். இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விரலை வானத்தை நோக்கி நீட்டுவார்கள். அதைப் பம்பாய்க்கு அருகில் படமாக்கினார்கள்.

படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பறக்கும் தட்டு இறங்கிய தளம் எங்கே என்று தேடுவார்கள். அது இங்கே இல்லை. தொலைவில் உள்ள அலபாமா மாநிலத்து மொபில் நகரில், பழைய விமானக் கொட்டகை ஒன்றுக்குள் அதை அமைத்து எடுத்தார்கள். பாறை மட்டும் உண்மை.

அதைச் சுற்றி ஒன்றேகால் மைலுக்குச் சற்று மேல் நடைபாதை போட்டிருக்கிறார்கள். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் எழுந்த நெருப்புக் குழம்பு, மண்ணுக்குள்ளேயே ஆறி இறுகிச் சுருங்கியபோது, ஐந்து பட்டை ஆறு பட்டைத் தூண்களாக வெடித்துப் பிரிந்தது. சுற்றியிருந்த மென்பாறையை மழையும் ஆறும் கரைத்துக் கொண்டு போக, தூண்கட்டு மட்டும் வெளியே நிற்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தூணும் ஓர் ஆள் கைவிரித்து அணைக்க முடியாத பருமன்.

நடைபாதை ஓரத்து மரங்களில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று துணிகள் முடிந்திருக்கின்றன. நம் முனியாண்டி கோயில் மரத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. இவை லக்கோட்டா, கியோவா முதலிய பூர்வகுடி மக்களின் வேண்டுதல்கள். தொடாதீர்கள் என்று அறிவிப்புப் பலகை கேட்டுக்கொள்கிறது.

அம்மக்களுக்கு இது பிசாசின் இடமே அல்ல. லக்கோட்டா மொழியில் இது 'மாத்தோ திபிலா', கரடியின் வீடு. 1875-இல் வந்த படைக் குழுவின் தலைவர் கர்னல் டாட்ஜ், மக்கள் இதைக் கெட்ட கடவுளின் கோபுரம் என்று சொல்வதாக எழுதி வைத்தார். மொழிபெயர்ப்பில் நேர்ந்த கோளாறு என்கிறார்கள். சாமி கும்பிடும் இடத்துக்குப் பிசாசின் பெயர்! பெயரை மாற்றக் கோரி 2014-இல் லக்கோட்டா சமயத் தலைவர் ஒருவர் விண்ணப்பித்தார். வயோமிங் அரசியல்வாதிகள் எதிர்த்தார்கள், வியாபாரம் கெட்டுவிடுமாம்.

கியோவா மக்கள் சொல்லும் கதை இது. ஏழு சிறுமிகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கரடி துரத்தியது. ஓடிப்போய் ஒரு சின்னப் பாறைமேல் ஏறி, "பாறையே, எங்களைக் காப்பாற்று" என்று கும்பிட்டார்கள். பாறை வளரத் தொடங்கியது. கரடி பாய்ந்து பாய்ந்து பிராண்டியது. அந்த நகக் கீறல்களே இந்தத் தூண்கோடுகள். பாறை வானத்தைத் தொட்டதும் சிறுமிகள் விண்மீன்களானார்கள்.

எந்த விண்மீன்கள் தெரியுமா? நாம் கார்த்திகை என்று சொல்லும் அதே கூட்டம்! முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் நமக்கு ஆறு பேர், அவர்களுக்கு ஏழு. வெறுங்கண்ணுக்குப் பொதுவாக ஆறுதான் தெளிவாகத் தெரியும், கூர்மையான பார்வைக்கு ஏழும் தெரியலாம்.

இரண்டு கதையிலும் பாறையிலிருந்து ஆள் வானத்துக்குப் போகிறான். பழைய கதையில் பாறை பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது. சினிமாவில் கடத்தப்பட்ட சிறுவன் தாயிடம் திரும்பிவிடுகிறான். ஆனால் ராய் தன் மூன்று பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காமல் கப்பலில் ஏறிப் போய்விடுகிறான். படம் அதை வெற்றியாகக் கொண்டாடுகிறது. எனக்கு அந்த இடம் உறுத்தியது. தாமும் தகப்பனான பிறகு, இப்போது எடுத்தால் அப்படி முடிக்க மாட்டேன் என்ற பொருளில் ஸ்பீல்பெர்க்கே சொல்லியிருக்கிறார்.

வானத்திலிருந்து உண்மையிலேயே இங்கே இறங்கியவரும் ஒருவர் உண்டு. 1941 அக்டோபர் முதல் நாள் ஜார்ஜ் ஹாப்கின்ஸ் என்பவர் 50 டாலர் பந்தயத்துக்காக விமானத்திலிருந்து பாராசூட்டில் இதன் உச்சியில் குதித்தார். இறங்குவதற்கு என்று போட்ட கயிறு கைக்கு எட்டாத இடத்தில் விழுந்துவிட்டது. ஆறு நாள் குளிரில் உச்சியிலேயே கிடந்தார். விமானத்திலிருந்து சாப்பாடும் போர்வையும் போட்டார்கள். மலையேறும் வீரர்கள் வந்து இறக்கினார்கள்.

இன்றும் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜூன் மாதம் பூர்வகுடியினர் சடங்கு செய்யும் காலம் என்பதால், அந்த மாதம் ஏறாதீர்கள் என்று 1995 முதல் நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. சட்டமில்லை, வேண்டுகோள்தான். பெரும்பாலோர் கேட்கிறார்கள்.

பாறையடியில் கூடாரம் போட்டுத் தங்குமிடம் உண்டு. கோடை இரவுகளில் அங்கே திறந்த வெளியில் அந்தப் படத்தையே காட்டுகிறார்கள். திரையில் அதே பாறை, திரைக்குப் பின்னால் இருட்டில் நிஜப் பாறை. கடையில் பச்சை நிற வேற்றுக் கிரகப் பொம்மைகள் விற்கின்றன. ஆனால் அந்த மாலை நேரத்து வானத்தில் சிறுமிகளைப் பார்க்க முடியாது. ஜூன் கடைசியில் விடியலுக்கு முன் எழுந்து கிழக்கே பார்க்க வேண்டும். கார்த்திகை மாதம் போனால் இருட்டியதுமே தெரிவார்கள். ஆனால் அப்போது அங்கே கடுங்குளிர், படம் காட்ட ஆளும் இருக்காது.