17 கல்லும் ஒரு பழைய டயலும்

செம்பூர் ஸ்டேஷனுக்கு மேற்கே, காய்கறிக் கடைகள் முடிகிற இடத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே அந்த வாட்ச் ரிப்பேர் மேசை இருக்கிறது. கடை என்று சொல்ல முடியாது. ஒரு கண்ணாடிப் பெட்டி, பின்னால் ஒரு ஸ்டூல், தலைக்கு மேலிருந்து வளைத்து இறக்கிய விளக்கு. அங்கே உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுகிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சிறுவயதில் மும்பைக்கு வந்து, ஃபோர்ட் பகுதியில் ஒரு கடையில் வாட்ச் பாகங்களைப் பெட்ரோலில் கழுவிக் கொடுக்கும் பையனாகத் தொழிலைத் தொடங்கியவர். வீடு தாராவியில்.

விசேஷத்துக்குக் கட்டுகிற நல்ல வாட்ச், அதாவது டிரெஸ் வாட்ச், எப்படி இருக்க வேண்டும் என்று பெரிய கடைகளில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பதில்கள் எனக்குப் போதவில்லை. விற்கிறவருக்கு வாட்சின் முகம்தான் தெரியும். திறந்து பார்க்கிறவருக்குத்தான் அதன் வயிறு தெரியும். அதனால்தான் அண்ணாச்சியிடம் போனேன்.

நான் போன நேரத்தில் சேடா நகரிலிருந்து ஒரு மாமி வந்திருந்தார். கைக்குட்டையில் முடிந்திருந்த எச்.எம்.டி. ஜனதாவை அவிழ்த்து மேசையில் வைத்தார். வெள்ளை டயல் ஓரங்களில் பழுத்து, பாலேட்டின் நிறத்துக்கு வந்திருந்தது.

"எங்காத்துக்காரரோடது. ட்ராம்பேல வேலைக்குச் சேர்ந்தப்போ வாங்கினார். பேரனுக்குக் கல்யாணம் வரது, அவன் கையில இதைக் கட்டணும். டயலைப் புதுசா வெள்ளை பண்ணித் தருவேளா?"

"முதல்ல உள்ள பாத்துருவோம் மாமி" என்றார் அண்ணாச்சி.

கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். எனக்கும் ஒரு லென்ஸ் கிடைத்தது. மங்கிய உலோகத்துக்கு நடுவே ரோஜா நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். டயலில் '17 ஜுவல்ஸ்' என்று அச்சிடுவது இந்தக் கற்களைத்தான். செயற்கை மாணிக்கம். அழகுக்காக வைத்ததல்ல, உலோகத்தில் உலோகம் உரசினால் அச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும், மாணிக்கத் துளைக்குள் ஒரு பொட்டு எண்ணெயோடு சுழன்றால் பல பத்தாண்டுகள் தாங்கும். ஆனால் அந்த எண்ணெய் காய்ந்துபோகும். மாமியின் வாட்சுக்கு வந்த நோயும் அதுதான்.

சாவியின் இழுப்பைத் தளர்த்திவிட்டு, ஒவ்வொரு பாகமாக எடுத்துச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோலில் போட்டார். தூரிகையால் தேய்த்து, ரப்பர் ஊதியால் காற்றடித்து உலர்த்தி, கூராகச் சீவிய மரக்குச்சியை ஒவ்வொரு கல்லின் துளையிலும் விட்டுச் சுழற்றினார். குச்சியின் நுனி கறுப்பாக வந்தால் திரும்பச் சீவுவார், திரும்பச் சுழற்றுவார். நுனி வெள்ளையாக வரும்வரை விடவில்லை. பிறகு ஊசிமுனையில் எண்ணெய் தொட்டுக் கல்லுக்குக் கல் வைத்தார். அதிகம் வைத்தால் தூசி ஒட்டும், பக்கத்துப் பாகத்துக்கும் பரவும். கடைசியாகப் பாலன்ஸை, அதாவது இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கிற சக்கரத்தை, இறக்கி வைத்தார்; ஸ்க்ரூவை முழுதாக முறுக்குவதற்குள் அது தானாகவே ஆடத் தொடங்கிவிட்டது. நொடிக்கு 5 அடி. ஒரு நாளைக்கு 4,32,000 அடி. அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை.

எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்துப் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன், கோகினூர் என்று நம் வீடுகளில் புழங்கிய பெயர்கள் எல்லாம் எச்.எம்.டி.யுடையவை. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலைக்குச் சேர்ந்ததும் வாங்கிய ஒரு வாட்சை ஓய்வு பெறும்வரை கட்டிய தலைமுறை செம்பூரில் நிறைய உண்டு. அணுசக்தி மையம், உரத் தொழிற்சாலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் என்று இந்தப் பக்கத்து வேலைகளெல்லாம் சைரனுக்கும் ஷிஃப்டுக்கும் கட்டுப்பட்டவை. அந்தக் கைகளில் இருந்தவைதான் இப்போது இந்த மேசைக்கு வருகின்றன.

ஜனதாவை டிரெஸ் வாட்ச் என்று சொல்லலாமா? நான் தயங்காமல் சொல்வேன். விலையுயர்ந்த பெயரா என்பது இதில் கணக்கே இல்லை. முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டிக்குள் தடையில்லாமல் நுழைய வேண்டும். டயலில் கூட்டம் இருக்கக்கூடாது. ஒரு பார்வையில் மணி தெரிய வேண்டும். பாடெக் ஃபிலிப் 1932-ல் கொண்டுவந்த கலத்ராவாவை உலகமே இவ்வகையின் இலக்கணமாகக் கொண்டாடுகிறது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 31 மில்லிமீட்டர்தான். ஜனதா 35 அளவில் இருக்கும். இன்று கடைகளில் 42, 44 என்று தட்டுத் தட்டாக விற்கிறார்கள். ஸ்ட்ராப் மாட்டுகிற காதுகள் மணிக்கட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அந்த வாட்ச் எத்தனை லட்சமானாலும் கட்டியவருக்கு இரவல் வாங்கியதுபோலத்தான் தெரியும்.

சாவி கொடுக்கிற வாட்ச் மெல்லிதாக இருப்பதற்குக் காரணம் எளிது. ஆட்டோமேட்டிக்கில் கை அசைவுக்குச் சுழன்று ஸ்பிரிங்கை ஏற்றும் ஒரு எடை மேலே உட்கார்ந்திருக்கும்; அது கனத்தைக் கூட்டும். மாப்பிள்ளைக்குக் காஞ்சன் வேண்டும் என்று கேட்டு வாங்கிய காலம் ஒன்று உண்டு. அது ஆட்டோமேட்டிக், கம்பீரமானது, ஆனால் பட்டிக்குள் அடங்காது. தினமும் சாவி கொடுக்கச் சோம்பல் என்றால், மெல்லியதற்கு நம் ஓசூரில் செய்த பதில் இருக்கிறது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடாவும் 1984-ல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், 2002-ல் எட்ஜ் வாட்சை வெளியிட்டது. மொத்தக் கனமே 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். செல்லில் ஓடுவது என்பதற்காக அதைத் தாழ்வாக நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இனி மாமி கேட்ட டயல். மும்பையில் டயலுக்குப் புது வண்ணம் பூசுவது தனித் தொழில். பழைய பூச்சைச் சுரண்டியெடுத்து, புதுப் பூச்சு கொடுத்து, எழுத்து செதுக்கிய தகட்டில் மை தடவி வழித்து, மெத்தென்ற குமிழ் ஒன்றால் அந்த மையை ஒற்றியெடுத்து டயலில் பதிப்பார்கள். கை நடுங்கினால் எழுத்து கோணிவிடும். கெட்டிக்காரக் கைகள்தான் செய்கின்றன. ஆனால் அப்படிப் பூசிய ஃபேவர் லூபாவும் எச்.எம்.டி.யும் சேகரிப்பாளர்களிடம் 'அசல்' என்று விலைபோனதால், வெளிநாட்டில் இவற்றுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பழி பூசியவருக்குப் போகிறது. மறைத்து விற்றவர்தான் அதற்கு உரியவர்.

"எப்படிக் கண்டுபிடிக்கிறது அண்ணாச்சி?"

"லென்ஸ வச்சு எழுத்தப் பாருங்க. மை தடிச்சு, ஓரம் கசிஞ்சிருக்கும். நிமிசக் கோடு மணிக் குறிக்கு நேரா நிக்காது. அம்பது வருச வாட்ச், கேஸ் பூரா கீறல், டயல் மட்டும் பளபளன்னு இருக்குன்னா அப்புறம் என்ன?"

மாமியிடம் அவர் டயலைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "மாமா பாத்த மூஞ்சி இதுதானே மாமி. இத அழிச்சிட்டா பேரன் கட்டுறது வேற யாரு வாட்சோ ஆயிரும்." மாமி சற்று நேரம் பேசாமல் இருந்து, கிளாஸை மட்டும் மாற்றச் சம்மதித்தார். டயல் பூசக் கொடுத்திருந்தால் அண்ணாச்சிக்கு அதிலும் கொஞ்சம் பணம் கிடைத்திருக்கும்.

பேரனுக்குச் சொல்லச் சொல்லி அவர் ஒப்பித்ததெல்லாம் குறித்து வைக்கத் தக்கவை. காலையில் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றி வைத்துச் சாவி கொடுக்க வேண்டும். கட்டியபடி முறுக்கினால் சாவித் தண்டு பக்கவாட்டில் இழுபடும். இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். மணமேடையில் ஹோமம் முடியும்வரை தாலி கட்டுகிற கைக்கு வாட்சே வேண்டாம்: புகை, நெய், பன்னீர் மூன்றும் ஆகாது. ரிசப்ஷனுக்குக் கட்டிக்கொள்ளலாம். மும்பை மழைக்காலத்தில் தோல் ஸ்ட்ராப் வியர்வையில் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். கழற்றித் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். இரவில் செல்ஃபோன் ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்கக்கூடாது. பாலன்ஸோடு இணைந்த மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வாட்ச் வேகமாக ஓடும். அதைச் சோதிக்க அண்ணாச்சியிடம் ஒரு சின்னத் திசைகாட்டி இருக்கிறது. வாட்சைக் கிட்டே கொண்டுபோனதும் முள் ஆடினால் காந்தம் ஏறியிருக்கிறது.

நான் இருந்த நேரத்தில் மேசைக்கு வந்த மற்றவர்கள் எல்லோரும் செல் மாற்ற வந்தவர்கள். இரண்டு நிமிட வேலை, கையோடு காசு. மாமியின் வாட்சுக்கோ பாதி நாள். செல்தான் அரிசி வாங்கித் தருகிறது என்றார் அவர். சாவி வாட்ச் வேலை கற்றுக்கொள்ள இதுவரை யாரும் வந்து நிற்கவில்லை. மகன் மொபைல் ரிப்பேருக்குப் போய்விட்டான். இந்தக் கூலியில் நாம் பேரம் பேசுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பழைய வாட்ச் வாங்குகிறவர்கள், அதை ஓட வைக்கிற கைக்கு நூறு ரூபாய் குறைக்கச் சொல்கிறார்கள்.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே ஓடாத ஜனதாக்கள், பைலட்டுகள், கழற்றிய பாலன்ஸ்கள், சாவித் தண்டுகள். எச்.எம்.டி.க்கு அவர் பாகம் எடுப்பது பெரும்பாலும் இந்த டப்பாவிலிருந்துதான். பழைய ஜனதா வாங்க நினைப்பவர்களுக்கு அவர் சொல்கிற யோசனையும் இதையொட்டியதே: டயல் பழுத்திருந்தாலும் பூசாததாகப் பார்த்து ஒன்று வாங்குங்கள், கூடவே, அதே இயந்திரம் உள்ள ஓடாத வாட்ச் ஒன்றையும் மலிவாக வாங்கி வீட்டில் போட்டு வையுங்கள்.