உங்கள் பிள்ளை வாசிக்குதா, பாடமாக்கிச் சொல்லுதா?

 

ஹேவாஹெட்டப் பக்கத்துப் பெற்றோர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

பிள்ளை நன்றாக வாசிக்கும் ஒரு பக்கத்தை எடுங்கள். அதே சொற்களை ஒரு தாளில் இடம் மாற்றி எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால், பிள்ளை இதுவரை வாசிக்கவில்லை, பாடமாக்கிச் சொல்லியிருக்கிறது.

தரம் 1, 2இல் இது வெளியே தெரியாது. வகுப்பே சேர்ந்து சத்தமாகச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் குரலும் அதில் கலந்துவிடும். தரம் 3, 4இல் கணக்கைக்கூட வாசித்து விளங்க வேண்டி வரும்போதுதான் பிடிபடும். பிறகு புலமைப்பரிசில் வகுப்புக்கு எவ்வளவு காசு கட்டினாலும் அடித்தளம் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

மத்ரஸாவில் ஹஸ்ரத் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி, ஓதக் கேட்ட பிறகுதான் அடுத்த பாடம் கொடுப்பார். தமிழ் வாசிப்புக்கும் அதுதான் வேண்டும். இந்தியாவில் பிரதம் அமைப்பு 2005 முதல் 'ஏசர்' ஆய்வில் இதைத்தான் செய்கிறது. வீட்டுக்கே போய், பிள்ளையைத் தனியாக வாசிக்க வைத்து, எழுத்தா, சொல்லா, பந்தியா, கதையா, எதுவரை முடிகிறது என்று பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மட்டம் பார்த்துப் பிரித்தார்கள். மதிப்பீடு போன் செயலியில். பதிவு போடுவதிலேயே நேரம் போகிறது என்று அங்குள்ள ஆசிரியர்கள் குறைப்பட்டதும் உண்டு.

நமக்குச் செயலியே தேவையில்லை. போனில் குரல் பதியும் வசதி போதும். மாதம் ஒருமுறை, பிள்ளைக்குப் பழக்கமில்லாத ஒரு பந்தி, ஒரே ஒரு நிமிடம். பெப்ரவரிக் குரலையும் ஜூன் குரலையும் அடுத்தடுத்துக் கேட்டால், முன்னேற்றமா இல்லையா என்று யாரும் சொல்லித் தர வேண்டாம்.

என் வகுப்புப் பதிவுகளில் அதிகம் தடுமாறிய இடம் கொம்பு எழுத்துக்கள். 'கெ'யில் கண் முதலில் காண்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது 'க்' ஓசையை. அதனால் ஒரு குழுவுக்கு வழக்கம்போல க, கா, கி வரிசை. மற்றக் குழுவுக்குச் சோடிச் சொல் அட்டைகள்: பெட்டி–பேட்டி, கொடி–கோடி. இரண்டுக்கும் ஒரே அளவு நாட்கள். பிறகு புதிய சொற்களைக் கொடுத்துப் பதிந்தேன். அட்டைக் குழு குறைவாகத் தடுமாறியது.

ஒரு வகுப்பில் கண்டது எல்லாருக்கும் சட்டமாகாது. அதனால் பக்கத்து ஆசிரியர்களுக்கும் அனுப்பினேன். மலை உச்சியில் சிக்னல் குறைந்த இடத்துக்கும், வீடியோ போகாவிட்டாலும் ஒரு சின்னக் குரல் செய்தி எப்படியாவது போய்ச் சேரும். இரண்டு தரங்களை ஒன்றாக வைத்துப் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலை டீச்சர் ஒருவர், "எனக்குக் குழு பிரிக்க நேரமில்லை, பெரிய பிள்ளைகளைக் கொண்டு பத்து நிமிடம் செய்கிறேன்" என்று பதில் போட்டார். அட்டையை அவர் தன் வகுப்புக்கேற்ப மாற்றிக்கொண்டார். எனக்கும் அதில் ஒரு பாடம் கிடைத்தது.

நம் ஆசிரியர் குழுக்களில் அலங்கரித்த வகுப்பறைப் படமும் 'வாழ்த்துக்கள்' ஸ்டிக்கரும்தான் நிறைய. அதோடு நான்கு வரி எழுதுவோமே: எந்த மட்டப் பிள்ளைகள், என்ன செய்தோம், எத்தனை நாள், எது சரிவரவில்லை. சரிவராததைச் சொன்னால் இன்னொரு டீச்சரின் ஒரு தவணை மிச்சமாகும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிள்ளையின் பெயர், முகம், தடுமாறும் குரல், எதையும் குழுவில் போடக்கூடாது. அந்தக் குரல் டீச்சருக்கும் வீட்டாருக்கும் மட்டுமே உரியது.

உம்மாமார், வாப்பாமார், அம்மா அப்பாக்கள் எல்லாரும் இந்தக் கிழமை அந்தத் தாளை எழுதிப் பாருங்கள். பிள்ளை தடுமாறினால் ஏசாதீர்கள், வகுப்பாசிரியரிடம் வந்து சொல்லுங்கள். தரம் 2இல் தெரிந்தால் திருத்த நிறையக் காலம் இருக்கிறது, இன்ஷா அல்லாஹ்.